தோளுக்குள் நங்கூரம்

பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் ஏறி இறங்கியவன், வீட்டு வாசல் ஈரத்தில் வழுக்கி விழுந்தேன். எக்ஸ்ரேயில் எலும்பு சரி. ஆனால் வலது கையைத் தூக்க முடியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் தெரிந்தது, தோளில் தசையை எலும்போடு இணைக்கும் நாண் (தசைநாண்) எலும்பிலிருந்து பிய்ந்திருக்கிறது. சிறு துளைகள் வழியே எலும்பில் குட்டி நங்கூரங்களைப் பதித்து நூலால் இழுத்துக் கட்டினார்கள். 6 வாரம் கை, கழுத்திலிருந்து தொங்கும் துணிக் கட்டுக்குள்தான். படுத்தால் வலி, சாய்வு நாற்காலியில்தான் தூக்கம். இடது கையால் ரொட்டி சானாய் பிய்ப்பது தனிக் கலை!

இப்போதைக்கு ஃபிசியோதான் என் கையை மெல்லத் தூக்கிவிடுகிறார். நானாகத் தூக்கினால் தைத்தது மறுபடி கிழியலாம். பளுப் பயிற்சியெல்லாம் 3 மாதத்துக்கு அப்புறம்தான்.

"தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கலாமா தம்பி?" என்று கேட்டேன்.

"முதல்ல சீப்பத் தூக்குங்கண்ணே" என்றார்.