ஒரே ஒரு சார்ஜர்

இந்தத் தடவை சிங்கப்பூருக்கு ஒரே ஒரு சார்ஜர்தான் என்று ஒரு மாதமாகத் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தேன். குன்னூர் பெட்ஃபோர்டு டீக்கடை வரைக்கும் செய்தி போயாகிவிட்டது. போன தடவை என் பையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சாமியார் சடை மாதிரி பதினோரு வயர், அதில் நான்கு எதற்கென்று எனக்கே தெரியாது.

இப்போது வாங்கியிருப்பது 65 வாட். உள்ளே கேலியம் நைட்ரைடு என்று ஏதோ சங்கதி, சூடு குறைவு, அதனால் உருவமும் சின்னது. ஒரு வர்க்கி அளவுதான். லேப்டாப், போன் எல்லாம் இதிலேயே. அடியில் பொடி எழுத்தில் 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் எந்த ஊர் கரண்டையும் தாங்கும். பிளக்கின் கால்தான் ஊருக்கு ஊர் மாறும். சிங்கப்பூரில் மூன்று தட்டைக் கால். மேலே இருக்கும் பெரிய கால் உள்ளே போனால்தான் மற்ற இரண்டுக்கும் வழி திறக்கும், பெரியவர் உட்காராமல் பந்தி ஆரம்பிக்காத மாதிரி. அதற்கொரு அடாப்டர். தீர்ந்தது.

குன்னூர்க்காரனுக்கு இது லேசான வைராக்கியம் இல்லை. மழைக்காலத்தில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் எங்கேயாவது ஒரு மரம் கம்பிமேல் சாயும். கரண்ட் போகும். வரும்போது வரும். அம்மாவைத்தான் உங்களுக்குத் தெரியுமே, கரண்ட் இருக்கும்போதே டார்ச், எமர்ஜென்சி லைட் எல்லாவற்றையும் சார்ஜில் போட்டுவிட்டு, நடுநடுவே ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பர்லியாறு இறங்கி, மேட்டுப்பாளையம் தாண்டி, பீளமேடு ஏர்போர்ட்டில் பெட்டியைப் போட்டுவிட்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"உங்க பெட்டியில பவர் பேங்க் இருக்கு சார்."

"எங்கிட்ட அந்த ஐட்டமே கிடையாதும்மா."

அத்தோடு விட்டேனா? லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அடியில் கிடக்கும் பெட்டியை யார் பார்ப்பது, அதனால்தான் கைப்பையில் வைக்கச் சொல்கிறார்கள் என்று அந்தப் பெண்ணுக்கே பாடம் எடுத்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "திறங்க சார்" என்றார்.

மேலே டீத்தூள். அப்புறம் வர்க்கிப் பொட்டலம். அதற்கடியில் நான் வைக்காத ஒரு குரங்குக் குல்லா. சிங்கப்பூருக்கு! குல்லாவுக்குள் அம்மாவின் பவர் பேங்க், வயரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, பத்திரமாக. கரண்ட் போனால் போனுக்கு ஆகுமே என்று நான்தான் அவருக்கு வாங்கிக் கொடுத்தது. 20,000 மில்லி ஆம்பியர் ஹவர். 3.7 வோல்டால் பெருக்கினால் 74 வாட் ஹவர், 100-க்குள் என்பதால் கையில் எடுத்துப்போங்கள் என்று விட்டுவிட்டார்கள். வரிசையில் பின்னால் நின்றவர் குல்லாவைப் பார்த்துச் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

இங்கே வந்து பார்த்தால் மகள் வீட்டு டிராயரில் ஏழு சார்ஜர். என் வைராக்கியச் சார்ஜருக்கே வேலை இல்லை.

சாயங்காலம் கொஞ்சம் கோபமாகத்தான் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"எதுக்கும்மா அதைப் போய் வெச்சீங்க?"

"தெரியாத ஊர்ல கரண்ட் போச்சுன்னா யார்கிட்டடா போய் நிப்ப?"

"இங்கெல்லாம் கரண்டே போகாதும்மா."

"நல்லா இருக்கட்டும். இங்க மத்தியானம் போனது. வண்டிச்சோலைப் பக்கம் மரம் விழுந்துருச்சாம். கீழ் வீட்டு அக்கா மெழுகுவத்தி குடுத்தா. போன்ல செவப்புக் கோடு வந்துருச்சு, நீ சாப்ட்..."

கட்டாகிவிட்டது. திரும்பப் போட்டேன், போகவில்லை.

பையிலிருந்து பவர் பேங்கை எடுத்து பட்டனை அழுத்திப் பார்த்தேன். நான்கு விளக்கும் எரிந்தன.