நான்கு ஷில்லிங் காவல்

பிரான்ஸின் அல்சாஸ் பகுதிக்கு டிசம்பரில் போகிறவர்கள் பெரும்பாலும் ஸ்ட்ராஸ்பர்க்கோடு நின்றுவிடுகிறார்கள். க்ளேபர் சதுக்கத்தில் ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் மரம், அதைச் சுற்றித் தெருவெல்லாம் விளக்கு, 1570 முதல் நடந்துவரும் சந்தை. நானும் ஒரு மாலை முழுக்க அங்கேதான் இருந்தேன். ஆனால் நான் வந்தது செலஸ்டாவுக்காக. ரயிலில் அரை மணி நேரம்தான்.

சின்ன ஊர். பழைய தானியக் கிடங்கில் இயங்கும் ஹ்யூமனிஸ்ட் நூலகம் இந்த ஊரின் பெருமை. நான் தேடி வந்ததோ 1521-ஆம் ஆண்டு நகராட்சிக் கணக்கில் உள்ள ஒற்றை வரி. அந்தக் காலத்தில் புனித தோமா திருநாளாக இருந்த டிசம்பர் 21 முதல் மரங்களைக் காவல் காக்க, வனக் காவலர்களுக்கு நான்கு ஷில்லிங். அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் மரத்தைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் இதுவும் ஒன்று.

எனக்கு இந்த வரி மிகவும் பிடித்துப்போனது. இது அரசாணை இல்லை, பிரசங்கமும் இல்லை, வெறும் கூலிக் கணக்கு. காவல் போட வேண்டிய அளவுக்கு ஆட்கள் காட்டுக்குள் போய் வெட்டியிருக்கிறார்கள் என்றால், வழக்கம் அதற்கும் முன்பே ஊரில் ஊறிப்போயிருக்க வேண்டும். மரத்துக்கு அங்கே எழுதியிருக்கும் பெயர் 'மையன்'. மே மாதத்தில் வாசலில் கட்டும் பசுங்கிளைக்கும் அதே பெயர்தான்.

அப்புறம் புனித ஜார்ஜ் ஆலயம். உள்ளே நுழைந்ததும் கழுத்து தானாக மேலே நிமிர்ந்தது. வளைவுகளின் கீழே மரங்கள் அந்தரத்தில் தொங்குகின்றன! ஒவ்வொன்றும் ஒரு காலத்து அலங்காரம். ஆரம்ப காலத்து மரத்தில் சிவப்பு ஆப்பிளும் வெள்ளை அப்பமும் மட்டும். டிசம்பர் 24 ஆதாம் ஏவாள் நாள். அன்று நடிக்கும் ஏதேன் தோட்ட நாடகத்துக்கு, குளிர்காலத்திலும் இலை உதிர்க்காத ஃபிர் மரத்தில் ஆப்பிளைக் கட்டினார்கள். விலக்கப்பட்ட கனியும் நற்கருணை அப்பமும் ஒரே கிளையில்! அதன் கீழே வெகுநேரம் நின்றேன். 1605-இல் ஸ்ட்ராஸ்பர்க் வீடுகளைப் பற்றி ஒருவர் எழுதிய குறிப்பில் வண்ணக் காகித ரோஜா, ஜிகினா, சர்க்கரை எல்லாம் சேர்ந்துவிடுகின்றன.

கண்ணாடி உருண்டை வந்த கதையையும் இந்தப் பக்கத்தில் சொல்கிறார்கள். 1858-இல் கடும் வறட்சி, ஆப்பிள் விளையவில்லை. வடக்கு வோஜ் மலையடிவாரத்தில் கண்ணாடி ஊதும் தொழிலாளி ஒருவர், ஆப்பிளுக்குப் பதிலாகக் கண்ணாடியில் உருண்டை ஊதிக் கொடுத்தாராம். ஜெர்மனியின் லாவ்ஷாவில் அதற்கு முன்பே ஊதியிருக்கிறார்கள். ஆனாலும் அதே வோஜ் பக்கத்து மைசன்தால் கிராமத்தில் இன்றும் வாயால் ஊதியே செய்கிறார்கள் என்பதற்காக இரண்டு வாங்கி, கம்பளிக் காலுறைக்குள் சுற்றி வைத்துக்கொண்டேன்.

இரவு அம்மாவிடம் போனில் அந்தக் காவல் கணக்கைச் சொன்னேன். எங்கள் கடலோர ஊரில் சவுக்குக் கிளைதான் கிறிஸ்துமஸ் மரம், பஞ்சைப் பிய்த்து வைத்தால் அதுதான் பனி.

"நம்ம தோப்புலயும் காவக்காரர் உண்டே" என்றார் அம்மா. "தாத்தா அவரைக் கேட்டுத்தான் கிளை வெட்டுவாங்க. மறுநாள் ஒரு தூக்குச்சட்டி முந்திரிக்கொத்து அவர் வீட்டுக்குப் போயிரும்."