பேரிடர்க் காலக் கல்வித் தகவல்: முதலில் பள்ளிப் பட்டியல், பிறகு மற்றதெல்லாம்

வெள்ளமோ நிலநடுக்கமோ போரோ, எதுவாக இருந்தாலும் இரண்டாவது வாரத்தில் தகவலுக்குப் பஞ்சமே இருக்காது. கல்வித் துறையிடம் ஒரு எக்செல் கோப்பு இருக்கும், உள்ளாட்சியிடம் இன்னொன்று, களத்தில் இறங்கிய ஒவ்வொரு தொண்டு நிறுவனத்திடமும் ஒன்று. போதாததற்கு வாட்ஸ்அப் குழுக்களில் இடிந்த சுவர்களின் படங்கள் குவிந்திருக்கும். ஆனால் எந்தக் கோப்பும் எந்தக் கோப்போடும் பொருந்தாது. சேதமான பள்ளிகள் 142 என்று ஒருவர் சொல்வார், 96 என்று மற்றவர் சொல்வார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒரே வளாகத்தில் காலை ஒரு பள்ளியும் மாலை ஒரு பள்ளியும் இயங்கினால், முதலாமவர் அதை இரண்டாக எண்ணியிருப்பார், இரண்டாமவர் ஒன்றாக எண்ணியிருப்பார்.

பேரிடர்க் காலத்தில் கல்விப் பணி செய்யும் நிறுவனங்களை ஒருங்கிணைக்கும் கல்வி கிளஸ்டரிலோ அதுபோன்ற ஒருங்கிணைப்புக் குழுவிலோ தகவல் மேலாண்மைப் பொறுப்பை ஏற்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2005இல் மனிதாபிமான உதவி அமைப்பைச் சீர்திருத்தியபோது உருவானதுதான் கிளஸ்டர் முறை. அதில் கல்விக்கான உலகளாவிய கிளஸ்டரை யுனிசெஃபும் சேவ் தி சில்ட்ரனும் சேர்ந்து வழிநடத்துகின்றன. அகதிகள் சூழலில் ஒருங்கிணைப்புப் பொறுப்பு ஐ.நா. அகதிகள் ஆணையத்திடம் இருக்கும். யார் தலைமை என்றாலும் தகவல் வேலையின் அடிப்படை ஒன்றுதான்.

பட்டியல்

முதல் வாரத்தில் ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் அது பள்ளிப் பட்டியலாக இருக்கட்டும். படிவம், வரைபடம், டாஷ்போர்டு எல்லாம் அதற்குப் பிறகுதான். பெரும்பாலான நாடுகளில் எமிஸ் எனப்படும் கல்வித் தகவல் மேலாண்மை அமைப்பு இருக்கிறது. அதிலிருந்து கடைசி ஆண்டுப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று ஆண்டு பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. புதிதாக ஒரு பட்டியலை நாமே உண்டாக்குவதைவிட அதுவே மேல். புதுப் பட்டியல் போட்டால் நெருக்கடி முடிந்ததும் துறை அதைத் தொடக்கூட மாட்டாது.

பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டியவை: துறை கொடுத்த பள்ளிக் குறியீடு, பெயர், நிர்வாகப் பிரிவின் பி-கோடு, அட்சரேகை, தீர்க்கரேகை, பள்ளி நிலை, நிர்வாக வகை, நெருக்கடிக்கு முந்தைய சேர்க்கை (பெண், ஆண் தனித்தனியாக), ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறை எண்ணிக்கை. இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

பி-கோடு என்பது ஒவ்வொரு நிர்வாகப் பிரிவுக்கும் தரப்படும் தனிக்குறியீடு. ஊர்ப் பெயரைப் பத்துப் பேர் பத்து விதமாக எழுதினாலும் குறியீடு ஒன்றாகவே இருக்கும். சுகாதாரம், குடிநீர், தங்குமிடம் என்று மற்ற துறைகளும் இதையே பயன்படுத்துவதால், பள்ளித் தரவை அவர்களின் தரவோடு பொருத்த இதுதான் வழி.

இங்கே எக்செல் செய்யும் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குறியீடு பூச்சியத்தில் தொடங்கினால், கோப்பைத் திறந்த மாத்திரத்திலேயே எக்செல் அந்தப் பூச்சியத்தை விழுங்கிவிடும். '0304' என்பது '304' ஆகும், பிறகு எந்தப் பட்டியலோடும் ஒட்டாது. குறியீடு 15 இலக்கத்தைத் தாண்டினால் இன்னும் மோசம்: 16ஆவது இலக்கத்திலிருந்து எல்லாமே பூச்சியமாகிவிடும், பழைய எண்ணை மீட்கவும் வழியில்லை. சி.எஸ்.வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பு) இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், இறக்குமதி வழியாகக் கொண்டுவந்து குறியீட்டு நிரலை 'உரை' என்று குறித்துவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. குறியீட்டின் முன்னால் நாட்டுக்கான எழுத்துகளைச் சேர்த்து வைப்பது இன்னும் பாதுகாப்பானது.

ஆயத்தொலைவுகளில் அடிக்கடி நடப்பது அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறுவது. பள்ளி கடலுக்குள் போய் நிற்கும். அதையாவது கண்டுபிடித்துவிடலாம். பாகை-நிமிடம்-நொடியில் எழுதியதைத் தசமம் என்று எண்ணி உள்ளிட்டால்தான் ஆபத்து. 10 பாகை 45 நிமிடம் என்பது தசமத்தில் 10.75. அதை 10.45 என்று பதிந்துவிட்டால் பள்ளி 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய் விழும், வரைபடத்தில் பார்க்க எல்லாம் சரியாகவே தெரியும். ஒவ்வொரு புள்ளியும் தன் பி-கோட்டின் எல்லைக்குள்தான் விழுகிறதா என்று கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒருமுறை சோதித்தால் இவற்றில் பெரும்பகுதி சிக்கிவிடும்.

கூடாரத்தில் தொடங்கும் தற்காலிகக் கற்றல் இடங்களுக்குத் துறைக் குறியீடு இருக்காது. அவற்றுக்கு 'த' வரிசையில் தனிக் குறியீடு கொடுத்து, பக்கத்து நிரலில் தாய்ப் பள்ளியின் குறியீட்டை எழுதுங்கள். தாய்ப் பள்ளி இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதுங்கள், வெற்றாக விடாதீர்கள். வெற்றுக் கட்டத்துக்கு 'இல்லை', 'தெரியாது', 'கேட்கவில்லை' என்று மூன்று பொருள் உண்டு.

படிவம்

பல துறைகள் சேர்ந்து நடத்தும் மிரா என்ற தொடக்கநிலை விரைவு மதிப்பீட்டில், முதல் 72 மணி நேரத்துக்குள் இருக்கும் தகவலை வைத்தே ஒரு சூழல் சித்திரம், இரண்டு வாரத்துக்குள் களத் தரவோடு அறிக்கை என்பதுதான் கணக்கு. அதில் கல்விக்கு இரண்டு மூன்று கேள்விக்குமேல் இடம் கிடைக்காது. பள்ளிவாரியான விவரத்துக்குத் தனி மதிப்பீடு தேவைப்படும். அதற்கு முன், ஏற்கெனவே யார் எதைச் சேகரித்திருக்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள். ஒரே தலைமையாசிரியரிடம் ஒரே வாரத்தில் நான்கு நிறுவனங்கள் ஒரே கேள்வியைக் கேட்டால், நான்காமவருக்கு எரிச்சலில் வந்த எண்தான் கிடைக்கும்.

கேள்விகளை வடிகட்ட ஒரு சோதனை போதும்: இந்தப் பதில் மாறினால் யார், எதை வேறு மாதிரி செய்வார்? பதில் இல்லையென்றால் கேள்வியை அடித்துவிடுங்கள். என் கணக்கில் 30 கேள்விக்கு மேல் போகும் படிவம் விரைவு மதிப்பீடு ஆகாது.

'பள்ளி இயங்குகிறதா?' என்ற கேள்வியை எல்லாரும் கேட்கிறார்கள், ஏறக்குறைய எல்லாரும் தவறாகவே கேட்கிறார்கள். பள்ளி விடுமுறையில் மூடியிருக்கலாம், சேதத்தால் மூடியிருக்கலாம், கட்டடம் நன்றாக இருந்தும் உள்ளே முகாம் நடக்கலாம், ஆசிரியர் வராததால் நின்றிருக்கலாம். நான்குக்கும் தீர்வு வேறு வேறு. ஆகவே 'கடந்த ஐந்து பள்ளி நாள்களில் எத்தனை நாள் வகுப்பு நடந்தது?' என்று கேளுங்கள். பூச்சியம் வந்தால் காரணத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

வகுப்பறைக்கு நான்கு எண்: முன்பு இருந்தவை, இப்போது அப்படியே பயன்படுத்தக்கூடியவை, சிறு பழுது பார்த்தால் பயன்படுபவை, பயன்படாதவை. பின்னைய மூன்றும் சேர்ந்து முதல் எண்ணுக்குச் சமமாக வராவிட்டால் படிவம் அடுத்த பக்கத்துக்கு நகரக் கூடாது. கோபோ டூல்பாக்ஸ் என்ற தரவு சேகரிப்பு மென்பொருளில் இந்தக் கட்டுப்பாட்டை ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் ஒன்று: நிலநடுக்கத்துக்குப் பின் 'கட்டடம் பாதுகாப்பானதா' என்று கணக்கெடுப்பாளரிடம் கேட்கவே கூடாது. அவர் 'ஆம்' என்று டிக் அடித்ததை நம்பி யாராவது பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்துவிடுவார்கள். அது பொறியாளர் சொல்ல வேண்டிய பதில். நம் படிவத்தில் 'கண்ணுக்குத் தெரியும் விரிசல் உண்டா, பொறியாளர் பார்த்தாரா' என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

பள்ளிப் பெயரைத் தட்டச்சு செய்ய விடாதீர்கள். பட்டியலை சி.எஸ்.வி கோப்பாகப் படிவத்தோடு இணைத்து, மாகாணம், வட்டம், பள்ளி என்று படிப்படியாகத் தேர்ந்தெடுக்க வையுங்கள். 'பட்டியலில் இல்லை' என்பதும் ஒரு தெரிவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஏதோ ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். வகுப்புவாரியாகத் திரும்பத் திரும்பக் கேட்கும் பகுதிகளைக் கோபோ எக்செலில் தனித் தாளாகத்தான் தரும். முதன்மைத் தாளோடு அதை இணைப்பவை வரிசை எண், பதிவு எண் போன்ற நிரல்கள்தான். அவற்றை 'தேவையில்லாதவை' என்று அழித்துவிட்டால், எந்த வகுப்பு எந்தப் பள்ளியுடையது என்று பிறகு சொல்ல முடியாது.

யார், எங்கே, எத்தனை

யார், என்ன, எங்கே, எப்போது, யாருக்கு என்ற ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுதும் அட்டவணைதான் மாதாந்திர அறிக்கையின் முதுகெலும்பு. ஃபைவ் டபிள்யூ என்பார்கள். ஒரு வரிக்கு ஒரு நிறுவனம், ஒரு பள்ளி, ஒரு செயல்பாடு, ஒரு மாதம். இதில்தான் மிகப் பெரிய பிழையும் ஒளிந்திருக்கிறது.

ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். சேர்க்கை 450: பெண் 220, ஆண் 230. முதல் நிறுவனம் பை, நோட்டு கொடுத்தது: பெண் 190, ஆண் 220. இரண்டாவது நிறுவனம் உளநல ஆதரவு நடத்தியது: பெண் 170, ஆண் 90. மூன்றாவது தற்காலிக வகுப்பறை போட்டது: பெண் 210, ஆண் 110. கூட்டினால் 990 பிள்ளைகள். அந்தப் பள்ளியில் அவ்வளவு பேர் கிடையாது. ஒரே பிள்ளை பையும் வாங்கியிருக்கிறது, கூடாரத்திலும் உட்கார்ந்திருக்கிறது.

பிள்ளைகளின் பெயரை வைத்துப் பொருத்த முடியாத நிலையில் கைகொடுப்பது அதிகபட்ச முறை. ஒவ்வொரு பள்ளியிலும் பெண், ஆண் தனித்தனியாக மிகப் பெரிய எண்ணை மட்டும் எடுக்க வேண்டும். இங்கே பெண் 210, ஆண் 220, ஆக 430. இது 'குறைந்தது இத்தனை பேர்' என்ற எண். இந்தக் கணக்கைப் பள்ளி அளவில் முடித்துவிட்டுத்தான் மாவட்டத்துக்குக் கூட்ட வேண்டும். நேரடியாக மாவட்ட அளவில் அதிகபட்சம் எடுத்தால், வேறு வேறு பள்ளிகளில் வேலை செய்த நிறுவனங்களின் பிள்ளைகள் கணக்கிலிருந்தே மறைந்துவிடுவார்கள். நிறுவனங்கள் பள்ளிக் குறியீட்டோடு அறிக்கை தர வேண்டும் என்று மல்லுக்கட்டுவது இதற்காகத்தான். 'மாவட்டம் முழுவதும்' என்று எழுதிவரும் வரியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

பொருள்களைப் பிள்ளைகளாக மாற்றும் கணக்கையும் எழுதிவைக்க வேண்டும். யுனிசெஃபின் 'ஸ்கூல் இன் எ பாக்ஸ்' பெட்டி ஓர் ஆசிரியருக்கும் 40 மாணவர்களுக்கும் ஆனது. கிடங்கில் இருக்கும் 50 பெட்டியை '2,000 மாணவர் பயனடைந்தனர்' என்று எழுதும் அறிக்கைகள் வரும். பெட்டி பிரிக்கப்பட்டு வகுப்பறைக்குப் போன பிறகுதான் அது எண்.

தேவையில் இருப்போர் கணக்கு தனித் தலைவலி. பள்ளி வயது 5 முதல் 17 என்று ஒருவர் எடுப்பார், 3 முதல் 17 என்று இன்னொருவர். முதல் கூட்டத்திலேயே ஒன்றை முடிவுசெய்து எழுத்தில் வைத்துவிடுங்கள். சேர்க்கை எண்ணை மட்டும் நம்பினால், நெருக்கடிக்கு முன்பே பள்ளிக்கு வெளியே இருந்த பிள்ளைகள் விடுபடுவார்கள். தலைக்கு இவ்வளவு என்று நிதி வரும் இடங்களில் சேர்க்கை எண் உப்பியும் இருக்கும். பள்ளிக்கு நேரில் போன அன்று வகுப்பில் தலை எண்ணுவதுதான் இதற்கு மாற்று மருந்து. இடம்பெயர்ந்தோரைப் போய்ச் சேர்ந்த ஊரில் கூட்டினால், கிளம்பிய ஊரில் கழிக்க வேண்டும். கூட்டுவதற்கு எல்லாரும் இருக்கிறார்கள், கழிக்கத்தான் ஆள் இல்லை.

மாற்றுத்திறன் பற்றி ஒரு வார்த்தை: 'உங்கள் பள்ளியில் எத்தனை மாற்றுத்திறனாளிகள்?' என்று ஆசிரியரிடம் கேட்டால் சக்கர நாற்காலியும் பார்வையின்மையும்தான் எண்ணிக்கையில் வரும். மாற்றுத்திறன் புள்ளிவிவரத்துக்கான வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகள் செயல்பாட்டுச் சிரமத்தைக் கேட்கின்றன. ஆனால் அவையும் பிள்ளைகளின் நடத்தை, கற்றல் சார்ந்த சிரமங்களைத் தவறவிடும். 2 முதல் 17 வயதுக்கு யுனிசெஃபோடு சேர்ந்து அவர்கள் உருவாக்கிய தனித் தொகுதி இருக்கிறது, தாயோ பராமரிப்பவரோ பதில் சொல்ல வேண்டியது. அது வீடுவாரிக் கணக்கெடுப்புக்கு ஏற்றது. பள்ளி விரைவு மதிப்பீட்டில் திணிக்க வேண்டாம்.

எதை வெளியே விடக் கூடாது

ஆயுதமோதல் நடக்கும் இடத்தில் பள்ளியின் ஆயத்தொலைவு சாதாரணத் தகவல் அல்ல. பள்ளிகள் தாக்கப்படுவதும் படைகள் அவற்றைப் பிடித்துக்கொள்வதும் நடப்பதால்தான் 2015இல் பாதுகாப்பான பள்ளிகள் பிரகடனமே வந்தது. எந்தப் பள்ளி இயங்குகிறது, எத்தனை மணிக்கு, எத்தனை பெண் பிள்ளைகள் என்பதையெல்லாம் புள்ளி வரைபடமாகப் பொதுவில் போடாதீர்கள். வட்ட அளவில் கூட்டிப் போடுங்கள். எண்ணிக்கை மிகச் சிறியதாக இருந்தால் '5க்குக் கீழ்' என்று மறையுங்கள். ஒரு கிராமத்தில் மாற்றுத்திறனுள்ள பெண் பிள்ளை ஒன்று என்று எழுதினால், பெயர் எழுதாவிட்டாலும் அவள் யார் என்று ஊருக்கே தெரியும். தலைமையாசிரியர்களின் தொலைபேசி எண்கள் தனிக் கோப்பில், கடவுச்சொல்லோடு, இரண்டு மூன்று பேர் கையில் மட்டும் இருக்கட்டும். பகிரும் அட்டவணையில் 'மறைத்த நிரலாக' வைப்பது மறைப்பதே ஆகாது.

வெளியிடுவதில் என் பரிந்துரை சிக்கனம்தான். மாதம் ஒரு பக்கம்: எந்த வட்டத்தில் தேவை எவ்வளவு, சென்றடைந்தது எவ்வளவு, யாருமே போகாத இடங்கள் எவை. தரவு எந்தத் தேதி வரைக்குமானது என்பது தலைப்புக்குக் கீழேயே இருக்க வேண்டும். யாரும் போகாத இடத்தையும், போனவர்கள் அறிக்கை தராத இடத்தையும் ஒரே வண்ணத்தில் காட்டாதீர்கள். ஒருவர் அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் லாரியை அனுப்பப் போகிறார்.

கிளஸ்டர் மூடப்படும்போது துறையிடம் போக வேண்டியவை: திருத்திய பள்ளிப் பட்டியல், நிரல்களின் பொருள் விளக்கும் தாள், கணக்கிட்ட விதிகள். 'த' வரிசைக் குறியீடுகளை அழிக்க வேண்டாம். மூடிய தேதியும், பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போனார்கள் என்பதும் அதே வரியில் இருந்தால், அந்த மாதங்களில் ஒரு பிள்ளை எங்கே படித்தது என்று தேர்வு வாரியம் கேட்கும்போது காட்ட ஒரு தாளாவது இருக்கும்.