ஹாலேவுக்கு விண்ணப்பிக்கும் முன்

மார்ச் 12, 2025

மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் மொழிப் பட்டப்படிப்பு, மூன்றாம் ஆண்டு. முதுகலைக்கு ஜெர்மனி செல்ல வேண்டும் என்ற ஆசையை இன்று முதன்முறையாக விரிவுரையாளரிடம் சொன்னேன். மதிப்பெண் பட்டியலை நீட்டினேன். அவர் அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "எதை ஆராயப் போகிறாய்?" என்று கேட்டார். ஜெர்மன் பேசத் தெரிந்தவர்களுக்கு ஜெர்மனியில் பஞ்சமில்லை; உன்னால் மட்டும் படிக்கக்கூடியது என்ன என்று யோசித்து வா என்றார்.

அந்தக் கேள்வி விடுதி வரை கூடவே வந்தது.

மார்ச் 16

விடை நூலகத்தில் கிடைத்தது என்றே நினைக்கிறேன். தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் பதிப்பித்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். அன்தாவோ தெ புரோயென்சா என்ற போர்த்துக்கீசிய மதபோதகர் தொகுத்து 1679இல் அச்சான நூல். வத்திக்கான் நூலகத்தில் இருந்த பிரதியைக் கொண்டு 1966இல் நம் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையே அதை வெளியிட்டிருக்கிறது. அதே ஆண்டு முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தியவரும் அடிகளார்தான். ஐரோப்பிய மொழிகளை அவர் கற்றிராவிட்டால் அந்த அகராதியின் அருமை அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அயல்மொழி படிப்பது தமிழை விட்டு விலகுவது என்று சொல்கிற உறவினர்களுக்கு இந்த ஒரு நூலே போதும்.

என் பாதையும் இதுதான். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பிய கடிதங்கள் அங்குள்ள பிராங்கே அறநிறுவனக் காப்பகத்தில் இருக்கின்றன. தமிழ் ஓலைச்சுவடிகளும் அங்கே உண்டு. தமிழும் ஜெர்மனும் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டிய இடம்.

மார்ச் 29

அந்தக் கடிதங்களிலிருந்து தொகுத்து அச்சிட்ட ஹாலே அறிக்கைகளை இணையத்திலேயே படிக்கலாம். பிராக்டூர் என்னும் பழைய ஜெர்மன் அச்செழுத்து. ஒரு வாரத்தில் கண் பழகிவிட்டது. கையெழுத்து வேறு கதை. குரென்ட் என்னும் அந்தக் கால எழுத்தில் 'e' பார்ப்பதற்கு 'n' போலவே இருக்கிறது: அடுத்தடுத்து இரண்டு சிறு கோடுகள். 'u'வை 'n'இலிருந்து பிரித்துக் காட்டுவது தலைக்கு மேலே போட்ட ஒரு சின்ன வளைவுதான். அது மங்கிப்போயிருந்தால் சொல் முழுவதையும் ஊகித்துத்தான் படிக்க வேண்டும். இரவு ஒரு மணி வரை ஒரே பக்கத்தோடு உட்கார்ந்திருந்தேன். 'மலபார்' என்ற சொல் தெளிந்து வந்ததும் அறைத்தோழியை எழுப்பாத குறை. தமிழர்களை அவர்கள் அப்படித்தான் குறித்தார்கள்.

ஏப்ரல் 6

கிள்ளானுக்குப் போய் அப்பாவிடம் பணக்கணக்கைச் சொன்னேன். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் பாடக்கட்டணம் இல்லை. ஆனால் விசாவுக்கு, ஓராண்டுச் செலவாக 11,904 யூரோவை மாதாமாதம் ஓர் அளவுக்கு மேல் எடுக்க முடியாத முடக்க வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும். நம் பணத்தில் 55,000 ரிங்கிட்டுக்கும் மேல். அப்பா கணக்கை இரண்டு முறை பார்த்தார். "உதவித்தொகைக்கு முதலில் எழுதிப் போடும்மா. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அவர் பார்த்துக்கொள்ளும்படி விடக்கூடாது. டாட் (DAAD) என்னும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் உதவித்தொகைக்கு முழுமூச்சாக முயல்வேன். முதல் வகுப்பில் தேறினால் பி.டி.பி.டி.என். என்னும் அரசு உயர்கல்விக் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்தும் விலக்குக் கேட்கலாம்.

ஏப்ரல் 23

ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான மொழித்தேர்வு டெஸ்ட்டாஃப் (TestDaF); அதற்குப் பயிற்சி. வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என்று நான்கு பகுதிகள். பொதுவாக ஒவ்வொன்றிலும் 4ஆம் நிலை கேட்கிறார்கள். பேச்சுத் தேர்வில் எதிரே ஆள் கிடையாது. கணினியிடம் பேச வேண்டும். தலையாட்டவோ புன்னகைக்கவோ ஆளில்லாமல் பேசுவது தனிப் பயிற்சி. எல்.ஆர்.டி. ரயிலில் வரும்போது மனத்துக்குள்ளேயே பேசிப் பார்க்கிறேன்.

மே 10

பருவக் கட்டுரையை ஹாலே அறிக்கைகளைப் பற்றியே எழுதிக் கொடுத்திருந்தேன். விரிவுரையாளர் ஓரமெல்லாம் குறிப்பெழுதித் திருப்பித் தந்தார். பரிந்துரைக் கடிதம் தருவதாகவும் சொன்னார். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இதைப் படித்தால் கேட்டுக்கொள்கிறேன்: நீளமான ஆய்வுக் கட்டுரை ஒன்றையாவது இப்போதே எழுதிக் காட்டுங்கள். வகுப்பில் நன்றாகப் பேசுவார் என்பதைத் தவிர, உங்களைப் பற்றி எழுத ஆசிரியருக்கு வேறு என்ன இருக்கும்?

கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் "லத்தீன்?" என்று ஒரு குறிப்பு. நியாயமான கேள்வி. 1716இல் ஹாலேயில் அச்சான சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் லத்தீனில்தான் எழுதப்பட்டது. விடுமுறையில் தொடங்குகிறேன்.