ஏழு மணி வரை கால்பந்து: காவேரிப்பட்டணம் அருகே ஒரு காலை

சென்னையில் ஏற வேண்டிய பேருந்தை என் சோம்பலால் தவறவிட்டு, அடுத்து வந்ததில் பாதி வழி நின்றும் பாதி வழி உட்கார்ந்தும் கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் வந்து இறங்கியபோது மணி அதிகாலை நாலரை. ஜூன் மாதம் என்பதால் பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரிகள் மாங்கூழ் ஆலைகளை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அந்த நேரத்திலும் சாலையோரத்தில் சிறு சிறு கூட்டமாக இளம்பெண்கள் நின்றிருந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, பையின் பக்கவாட்டில் தண்ணீர் பாட்டில். ஒசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அவர்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருப்பதாகத் தேநீர்க் கடைக்காரர் சொன்னார்.

சித்தியின் ஊர் காவேரிப்பட்டணத்தைத் தாண்டி, தருமபுரிச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. முதல் பேருந்தில் போய் இறங்கி, மாந்தோப்புகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தபோது பந்தை உதைக்கும் சத்தம் கேட்டது. ஒரு பள்ளி மைதானத்தில், இன்னும் முழுதாக வெளிச்சம் வராத வேளையில், பதினைந்து பதினாறு சிறுமிகள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பதுகூட அவசரத்தில் சொன்னதுதான்; பாதிப் பேர் குனிந்து தரையில் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் நெருஞ்சி முள். பூட்ஸ் இல்லாதவர்கள் சிலர் இருப்பதால் ஆட்டம் தொடங்கும் முன் எல்லோருமாகச் சேர்ந்து மைதானத்தை முள் இல்லாமல் ஆக்குவது இங்கே தினசரி வழக்கமாம். கோல் கம்பங்களாக நான்கு சவுக்குக் கழிகளை நட்டிருந்தார்கள். ஒரு பெண் பம்ப்பின் ஊசியை நாக்கில் வைத்து நனைத்துப் பந்துக்குள் செருகி, தோழியைக் காற்றடிக்கச் சொல்லி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு இன்னும் பத்துத் தடவை அடிக்கச் சொன்னாள்.

பி.டி. டீச்சர் முதலில் என்னை யாரோ மாணவியின் உறவினர் என்று நினைத்துவிட்டார். நான் ஊர் ஊராகப் போய் எழுதுகிறவள் என்று தெரிந்ததும், "ஏழு மணி வரைக்கும்தாங்க எங்களுக்கு. அப்புறம் பசங்க கிரிக்கெட் ஆட வந்துடுவாங்க" என்றார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பேருந்து நேரம் சொல்வதைப் போலத்தான் சொன்னார். மாலை நேரம் கேட்டுப் பார்த்ததாகவும், பெண் பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்று சில வீடுகளில் மறுத்துவிட்டதாகவும் பிறகு தெரிந்துகொண்டேன்.

இடைவேளையில் அவர்களோடு உட்கார்ந்தேன். யாருடைய அக்கா தங்கைகள் கம்பெனிக்குப் போகிறார்கள் என்று கேட்டதற்கு ஐந்து கைகள் உயர்ந்தன. அப்போதுதான், சில ஆண்டுகளுக்கு முன் மான்செஸ்டர் நகரின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகத்தில் நான் பார்த்த ஒரு வெண்கலச் சிலையைப் பற்றியும், தொழிற்சாலைப் பெண்கள் சேர்ந்து உருவாக்கிய ஒரு கால்பந்துக் கழகத்தைப் பற்றியும் சொல்லத் தோன்றியது.

இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் டிக், கெர் என்ற நிறுவனம் இருந்தது. டிராம் வண்டிகள் செய்துவந்த அந்த ஆலை முதல் உலகப் போரில் வெடிகுண்டு செய்யும் இடமாக மாறியது. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் எந்திரங்களில் பெண்கள் நின்றார்கள். உணவு இடைவேளையில் ஆலை முற்றத்தில் அவர்கள் பந்து உதைப்பதை அலுவலக ஜன்னல் வழியே பார்த்த ஆல்பிரட் பிராங்க்லண்ட் என்ற ஊழியர் அவர்களை ஓர் அணியாகத் திரட்டினார். 1917ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று பிரெஸ்டனின் டீப்டேல் மைதானத்தில், காயமுற்ற வீரர்களின் மருத்துவமனைக்கு நிதி திரட்ட, வேறொரு ஆலையின் பெண்களோடு அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் 10,000 பேர் பார்த்தார்கள். 4-0 என்று வென்றார்கள்.

"பத்தாயிரமா?" என்று ஒருத்தி வாய் பிளந்தாள். அது ஆரம்பம்தான் என்றேன். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் செயின்ட் ஹெலன்ஸ் பெண்கள் அணியோடு ஆடியபோது உள்ளே 53,000 பேர் இருந்தார்கள், இடமில்லாமல் ஆயிரக்கணக்கானோர் வெளியே நின்றார்கள். அன்றைக்கு அணியின் முக்கிய கோல் வீராங்கனை புளோரி ரெட்போர்டு ரயிலைத் தவறவிட்டுவிட்டார். (இந்த இடத்தைச் சொல்லும்போது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.) தற்காப்பில் ஆடும் கேப்டன் ஆலிஸ் கெல் அவருடைய இடத்துக்கு முன்னேறி மூன்று கோல் அடித்தார்.

சிலையாக நிற்பவர் லில்லி பார். செயின்ட் ஹெலன்ஸில் 1905இல் பிறந்து, பதினான்கு பதினைந்து வயதிலேயே இந்த அணிக்கு வந்து, 1951 வரை ஆடியவர். உயரமானவர், இடது ஓரத்தில் ஆடியவர், அவருடைய இடது கால் உதை ஆண்களுடையதைவிட வலுவானது என்று பேசப்பட்டது. 2002இல் இங்கிலாந்துக் கால்பந்தின் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்ட முதல் பெண் அவர். சிலை வைத்தது 2019இல். வயிற்றுப்பாட்டுக்கு அவர் செய்தது மனநல மருத்துவமனையில் செவிலியர் வேலை. ஓர் ஆட்டத்துக்கு அணி கொடுத்தது 10 ஷில்லிங், அதாவது அரை பவுண்டு.

"அப்புறம் ஏங்க்கா நமக்குத் தெரியல?" என்று கேட்டது பம்ப் ஊசியை நாக்கில் நனைத்த அதே பெண்.

1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. கால்பந்து பெண்களுக்குப் பொருத்தமற்ற ஆட்டம், அதை ஊக்குவிக்கக் கூடாது என்றது. வசூலான பணத்தில் அதிகப் பங்கு செலவுக்குப் போகிறது என்றும் குறை சொன்னது. அந்த ஆண்டில் வேலை மறுக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளர்களின் குடும்பங்களுக்காகவும் பெண்கள் ஆடி நிதி சேர்த்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்தத் தீர்மானத்தைப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். சங்கம் யாருடைய காலையும் கட்டிப்போடவில்லை. தன்னோடு இணைந்த கழகங்கள் தங்கள் மைதானங்களைப் பெண்களுக்குத் தரக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டது, அதுவே போதுமானதாக இருந்தது. ஐம்பதாயிரம் பேர் உட்காரும் இடத்திலிருந்து அவர்கள் பூங்காக்களுக்கும் திடல்களுக்கும் போக வேண்டியதாயிற்று.

டீச்சர் இந்த இடத்தில் சிரித்தார். "கிரவுண்டுதாங்க எல்லாம்" என்றார்.

ஆனாலும் கழகம் அதோடு முடியவில்லை. 1922இல் கப்பலேறி வட அமெரிக்கா போனார்கள். கனடாவில் ஆட அனுமதி கிடைக்கவில்லை. அமெரிக்காவில் போய் இறங்கிய பிறகுதான் எதிரே ஆடப்போவது ஆண்கள் அணிகள் என்று தெரியவந்தது. ஒன்பது ஆட்டங்களில் மூன்று வெற்றி, மூன்று தோல்வி, மூன்று சமன். இதைக் கேட்டதும் சிறுமிகள் கைதட்டினார்கள். 1926இல் ஆலையோடு உறவு முறிந்து பிரெஸ்டன் பெண்கள் அணி என்ற பெயரில் தொடர்ந்து, ஆட்கள் போதாமல் 1965இல் கழகத்தைக் கலைக்கும்போது 800க்கும் மேற்பட்ட ஆட்டங்களை ஆடி, மிகச் சிலவற்றிலேயே தோற்றிருந்தார்கள். தடை 1971இல்தான் நீங்கியது.

நான் அத்தனை தூரம் போய் வந்து சொன்னதைவிட, டீச்சர் பக்கத்துக் கதையைச் சொன்னபோது பிள்ளைகளின் கண்கள் இன்னும் விரிந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மதுரையில் 2016இல் தொடங்கிய சேது எஃப்.சி., 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையைத் தூக்கியதை அவர் நேற்று நடந்ததைப் போல விவரித்தார். பெண்கள் கால்பந்தில் வலுவான மணிப்பூரை இறுதி ஆட்டத்தில் வெல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த ஆட்டத்தைப் பின்தொடர்பவர்களுக்குத் தெரியும். சேதுவுக்கு ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் என்பதைச் சொல்லும்போது டீச்சரின் குரல் கொஞ்சம் உயர்ந்தது; அங்கிருந்த வீடுகளில் அந்த ஒரு தகவலைச் சொல்லித்தான் அவர் அனுமதி வாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். 2018இலும் 2023இலும் தேசிய சாம்பியன் தமிழ்நாட்டுப் பெண்கள் அணிதான் என்பது எனக்கே அங்கேதான் நினைவுக்கு வந்தது.

மணி ஆறேமுக்கால் ஆனபோது கடைசியாக ஒரு பக்கத்துக்கு ஆறு பேராக ஆடினார்கள். இடது ஓரத்தில் ஆடிய ஒல்லியான பெண்ணின் வலது கால் பூட்ஸில் அடித்தோல் பிரிந்து, சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டியிருந்தாள். இடது கால் பூட்ஸ் நன்றாகத்தான் இருந்தது. கார்னர் உதை எடுக்கும் முன் அவள் டியூபை ஒருமுறை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

அதற்குள் பையன்கள் மட்டையும் ஸ்டம்புமாக வந்து மதிற்சுவரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் யாரையும் விரட்டவில்லை. பெண்களே சவுக்குக் கழிகளை அசைத்துப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, சுவரோரம் படுக்கவைத்தார்கள். குழிகளைக் காலால் மூடியபோது ஒருத்தி மட்டும் மறுநாள் தேடாமல் இருக்க ஒவ்வொரு குழியின் மீதும் ஒரு சிறு கல்லை வைத்தாள்.

கார்னரில் அடித்த பந்து தோப்புக்குள் போயிருந்தது. எடுக்கப் போன சைக்கிள் டியூப்காரி ஒரு கையில் பந்தும் மறு கையில் இரண்டு பெங்களூராவுமாகத் திரும்பி வந்து, ஒன்றை என்னிடம் நீட்டி, "தோட்டக்காரருக்குத் தெரியும்க்கா" என்றாள்.