நியூபோர்ட் புல்தரையில்: நாட்குறிப்பு

14 ஜூலை 2024, ஞாயிறு

காலையில் விம்பிள்டன் இறுதி. ஜோகோவிச்சை அல்கராஸ் மூன்றே செட்டில் முடித்துவிட்டார். ஊரெல்லாம் புல்தரைக் காலம் முடிந்தது என்று களிமண்ணுக்குக் கிளம்ப, நான் பிராவிடன்ஸில் படகு பிடித்து நியூபோர்ட் வந்தேன். விம்பிள்டனுக்கு மறுநாளே ரோட் ஐலண்டின் இந்தச் சின்ன ஊரில் இன்னொரு புல்தரைப் போட்டி தொடங்குகிறது. ஆண்கள் டென்னிஸின் உயர்மட்டச் சுற்றான ஏடிபி டூர் ஆட்டத்தை அமெரிக்காவில் புல்லில் பார்க்க வேறு இடம் கிடையாது. அடுத்த ஆண்டு முதல் இதுவும் அதற்கு ஒரு படி கீழான சாலஞ்சர் நிலைக்கு இறங்குகிறது. அதனால்தான் இந்த அவசரப் பயணம்.

16 ஜூலை, செவ்வாய்

நல்ல வெயில். பெல்வியூ அவென்யூவில் கடை வரிசை போலத் தெரியும் முகப்பைத் தாண்டி உள்ளே போனால், குதிரை லாட வடிவில் மரத் தாழ்வாரம், நடுவில் பச்சைப் பசேலென்று புல். 1880இல் கட்டிய இடம். 1881இல் முதல் அமெரிக்கத் தேசியப் போட்டி, அதாவது இன்றைய யுஎஸ் ஓப்பனின் மூதாதை, இங்கேதான் நடந்தது. ரிச்சர்ட் சியர்ஸ் தொடர்ந்து ஏழு முறை ஜெயித்ததும் இதே வளாகத்தில்.

சென்டர் கோர்ட்டை விட்டுவிட்டு வெளிக் கோர்ட்டுகளிலேயே சுற்றினேன். ஆட்டக்காரர் மூச்சு வாங்குவது கேட்கும் தூரத்தில் உட்கார்ந்தால்தான் புல்லின் குணம் புரிகிறது. டிவியில் பார்க்கும்போது, பந்தின் அடியைச் சீவி அடிக்கும் ஸ்லைஸ் ஏதோ ஒப்புக்கு அடித்த பந்து போல இருக்கும். இங்கே அது தரையை ஒட்டிச் சறுக்கிக்கொண்டு வருகிறது. எதிரில் இருப்பவர் முழங்கால் புல்லில் படாத குறையாக மடங்கி எடுக்கிறார். பந்து தரையில் படும் சத்தமும் குறைவு. ஹார்ட் கோர்ட்டின் அந்த 'டக்' இல்லை.

18 ஜூலை, வியாழன்

கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைன் பக்கம் புல் தேய்ந்து மண் தெரிய ஆரம்பித்துவிட்டது. நெட் அருகே இன்னும் செழிப்பாக இருக்கிறது. சர்வ் போட்டவுடன் நெட்டுக்கு ஓடும் சர்வ் அண்ட் வாலி ஆட்டம் அருகிப்போனதற்கு வேறு சாட்சியே வேண்டாம். அந்தக் காலத்தில் நெட்டுக்கு ஓடும் வழியும் சேர்ந்தே தேயும்.

20 ஜூலை, சனி

வந்ததற்கு இந்த ஒரு நாள் போதும். விஜய் அமிர்தராஜும் லியாண்டர் பயஸும் இன்று இதே வளாகத்தில் இருக்கும் டென்னிஸ் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் சேர்ந்தார்கள். ஆசியாவிலிருந்து இங்கே இடம்பெறும் முதல் ஆண்கள் இவர்கள்தான். பயஸ் ஆட்டக்காரர் பிரிவில். விஜய், பத்திரிகையாளர் ரிச்சர்ட் எவன்ஸுடன், டென்னிஸுக்குப் பங்களித்தோர் பிரிவில்.

விஜயை 'பங்களித்தவர்' என்று மட்டும் எழுதியதில் எனக்கு லேசான மனக்குறை உண்டு. நியூபோர்ட் போட்டி 1976இல் தொடங்கியபோது முதல் சாம்பியன் அவர்தான். 1980இலும் 1984இலும் மறுபடி வென்றார். பயஸ் தன் ஒரே ஏடிபி ஒற்றையர் பட்டத்தை 1998இல் வாங்கியதும் இங்கேதான். கௌரவம் எங்கேயோ நடக்கும் விழா மண்டபத்தில் இல்லை, அவர்கள் ஜெயித்த இடத்திலேயே. சரி, பிரிவு எதுவாக இருந்தால் என்ன?

அரையிறுதியும் உண்டு. ரைலி ஒபெல்கா 211 செ.மீ. உயரம். அவர் சர்வ் மாடியிலிருந்து இறங்குவது போல வருகிறது. ஆனாலும் 19 வயது அலெக்ஸ் மிக்கல்சன் அவரை வென்று இறுதிக்குப் போய்விட்டார். போன வருடமும் இங்கே இறுதி வரை வந்து தோற்ற பையன்.

21 ஜூலை, ஞாயிறு

இறுதியில் மிக்கல்சனை வென்றவர் மார்கஸ் ஜிரான், 6-7, 6-3, 7-5. முப்பது வயதில் முதல் ஏடிபி பட்டம். முதல் செட் டை-பிரேக்கில் மிக்கல்சனுக்குப் போனது. 6-6 என்று சமமானால் செட்டை முடித்துவைக்கும் டை-பிரேக் என்ற ஏற்பாட்டுக்காகப் போராடிய ஜிம்மி வான் ஆலன்தான் 1954இல் இந்த ஹால் ஆஃப் ஃபேமைத் தொடங்கியவர். அவர் இடத்தில் உட்கார்ந்து ஒரு டை-பிரேக் பார்த்தாயிற்று.

மிக்கல்சனுக்காகக் கத்தியவர்களில் நானும் ஒருவன். மூன்றாவது செட் 5-5க்கு வந்தபோது மட்டும் மனம் கட்சி மாறிவிட்டது. முப்பது வயது வரை காத்திருந்தவருக்கு இன்னொரு வாய்ப்பு எப்போது வருமோ. 19 வயதுக்காரருக்கு நிச்சயம் வரும்.

அடுத்த ஜூலையில் சாலஞ்சர் ஆட்டக்காரர்கள் வருவார்கள். நானும் வருவேன், ஆனால் கடைசி நாட்களுக்கு இல்லை. புல் தேயாத முதல் மூன்று நாளுக்கு.