ஒரு பிரிண்ட்எஃப், இரண்டு வரி

மூன்று முறை சி புரோகிராமிங் மொழி படிக்க உட்கார்ந்து, மூன்று முறையும் பாயிண்டர் அத்தியாயத்தோடு எழுந்துவிட்டேன். நான்காவது தடவை புத்தகத்தை ஓரங்கட்டிவிட்டு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஒரு சந்தேகத்துக்கு ஒரு புரோகிராம், இருபது வரிக்குள். என்ன விடை வரும் என்று ஓட்டுவதற்கு முன்பே தாளில் எழுதிவிட வேண்டும்.

முதல் அடி, பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டி வைக்கும் ஸ்ட்ரக்சரில் விழுந்தது. ஒரு கேரக்டர் (எழுத்து), ஒரு இன்ட் (முழு எண்), இன்னொரு கேரக்டர்: 1+4+1, ஆக 6 பைட் என்று எழுதினேன். என் கணினியில் 12 வந்தது. முகவரிகளை அச்சிட்டுப் பார்த்தால், இன்ட் 4-ஆல் வகுபடும் இடத்தில்தான் உட்காருகிறது. முதல் கேரக்டருக்குப் பின்னால் 3 பைட் காலி, கடைசியிலும் 3. இரண்டு கேரக்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் 8 ஆகிவிட்டது.

என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது ஃபோர்க்; ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை, அதாவது பிராசஸை, நகலெடுத்து இரண்டாக்கும் அழைப்பு. முதலில் ஒரு வரியை அச்சிடும் பிரிண்ட்எஃப், அடுத்து ஃபோர்க், அவ்வளவுதான் புரோகிராம். திரையில் ஒரு வரி வந்தது. அதே புரோகிராமின் வெளியீட்டை ஃபைலுக்குத் திருப்பினால் இரண்டு வரி! எந்த பிராசஸ் எழுதுகிறது என்று பிடிக்க பிராசஸ் எண்ணையும் அந்த வரியில் சேர்த்தேன். இரண்டிலும் ஒரே எண். இங்கேதான் குழம்பிப்போனேன்.

புரோகிராம் இயங்குதளத்தைக் கூப்பிடுவதையெல்லாம் காட்டும் எஸ்-ட்ரேஸில் ஓட்டிப் பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது. திரைக்குப் போகும்போது, எழுத்தை வெளியே அனுப்பும் ரைட் அழைப்பு ஃபோர்க்குக்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. ஃபைலுக்குப் போகும்போது முன்னால் ஒன்றுமே இல்லை. முடியும் நேரத்தில் இரண்டு பிராசஸும் ஆளுக்கொரு ரைட் போடுகின்றன. வரி முடிந்ததும் வெளியே போவது டெர்மினலுக்கு, அதாவது திரைக்கு, மட்டும்தான். ஃபைல் என்றால் சி நூலகம் பஃபர் என்ற தற்காலிக இடம் நிறையும்வரை கையிலேயே வைத்துக்கொள்கிறது. ஃபோர்க் நினைவகத்தை நகலெடுக்கும்போது, அம்மா பிராசஸின் எண்ணோடு ஏற்கெனவே எழுதி முடித்த அந்த வரியும் சேர்ந்தே நகலாகிவிடுகிறது. ஃபோர்க்குக்கு முன்னால், பஃபரில் இருப்பதை உடனே வெளியே தள்ளும் ஒரு எஃப்ஃபிளஷ் போட்டேன், சரியானது. வரிமுடிவுக் குறி போட்டாலே எழுத்து வெளியே போய்விடும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

நினைவகத் தவறுகளைப் பிடித்துக் காட்டும் அட்ரஸ் சானிடைசரை முதல் நாளே போட்டிருக்க வேண்டும். ஸ்ட்ரிங்கின் நீளத்துக்கு மட்டும் மேலாக்கில் நினைவகம் கேட்டு, ஸ்ட்ரிங்கின் முடிவைக் காட்டும் கடைசி பூஜ்ய பைட்டுக்கு இடம் விடாத ஒரு புரோகிராம் வாரக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. ஓடுகிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

இப்போது, ஒரு பிராசஸ் எழுதுவதை இன்னொன்று படிக்கும் பைப். படிக்கிற பிராசஸ் முடியாமல் தொங்குகிறது. எழுதும் முனையை அது தானே திறந்து வைத்திருக்கும் என்று தாளில் எழுதியிருக்கிறேன். இனிமேல்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும்.